இடது மூலை

இந்தக் கதையில் குருவுக்குச் சீடனைவிட நான்கு வயது குறைவு. அதனால் குருதான் சீடனை 'அண்ணே' என்று கூப்பிடுவார். சீடன் குருவை 'மேடம்' என்பான். ஆசிரமம் என்று பார்த்தால், ராஜபாளையத்தில் மலையைப் பார்த்த ஒரு சிமெண்ட் மைதானம், இரண்டு ரிங், மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கொட்டகை. அவ்வளவுதான்.

குருவின் பெயர் பூங்கோதை. இருபத்திரண்டு வயதில் முழங்கால் போய் ஆட்டத்தை விட்டவர். இப்போது இருபத்தொன்பது. ஆண்கள் ஆடும் எட்டு அணி கூடைப்பந்து லீக்கில் மலையடிவார அணிக்குக் கோச். அவருக்கு இது முதல் சீசன்.

சீடன் பெயர் திரவியம். தூத்துக்குடிக்காரன். பாயின்ட் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யார் எங்கே ஓட வேண்டும் என்று விரலால் காட்டி, எல்லா வேலையும் செய்துவிட்டுக் கடைசியில் பந்தை இன்னொருவன் கையில் கொடுப்பது அவன் தொழில். கைதட்டு அந்த இன்னொருவனுக்குப் போகும்.

பன்னிரண்டு வருடத்தில் இது அவனுக்கு ஏழாவது அணி. சென்னையில் பந்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். கோவையில் நெட்டை ஆள் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இவன் ஐந்தடி பதினோரு அங்குலத்தை வைத்துக்கொண்டு ரிங்குக்கு அடியில் நின்று ஆறரை அடிக்காரர்களிடம் இடி வாங்கினான். பெங்களூரில் நான்கு வருடம், அதுதான் நல்ல காலம். கேப்டன் ஆக்குகிறோம் என்று கொச்சியில் கூப்பிட்டு, எதிரணியின் பெரிய ஆட்டக்காரன் பின்னாலேயே ஓடவிட்டார்கள். கொழும்பில் தூரத்திலிருந்து எறிந்தான். ஹைதராபாத்தில் யாருக்காவது மூச்சு வாங்கினால் எழுந்து போனான்.

எல்லா ஊரிலும் அவனுக்கு ஒரே பாராட்டுதான். "திரவியமா? எங்க விட்டாலும் ஆடுவாப்ல."

அதைக் கேட்டால் அவனுக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தில் கடைசி நான்கு நொடி. ஒரு புள்ளி குறைவு. திரவியம் இரண்டு பேரைத் தாண்டி உள்ளே புகுந்தான். எதிரே மூன்று பேர் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தை இடது மூலைக்கு விட்டான். அருமையான பாஸ். என்ன, அங்கே ஆள் இல்லை. பந்து கோட்டைத் தாண்டிப் போய் மைக்கில் அறிவிப்பவரின் காபியைக் கொட்டிவிட்டு நின்றது.

தோற்றுப்போனார்கள். முதல் நான்கு இடத்துக்குள் வர இன்னும் ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. அது அடுத்த சனிக்கிழமை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திரவியம் மைதானத்துக்கு வந்தான். அவனால் சும்மா நிற்க முடியாது. பேசும்போதும் கைக்கடியில் பந்து தட்டிக்கொண்டே இருக்கும்.

"மேடம், ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்கண்ணே."

"என் இடம் எது?"

"இப்ப நிக்கிறது ஃப்ரீத்ரோ கோடு."

"விளையாடாதீங்க மேடம். ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல. ஊறுகாய் மாதிரி இருக்கேன். எந்தச் சோத்துக்கும் தொட்டுக்கலாம். ஊறுகாய்க்குன்னு யாராவது பந்தியில உட்கார்றாங்களா?"

பூங்கோதை விசில் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"மும்பையிலிருந்து ஒரு டீம் கூப்பிடுது. அடுத்த ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஏஜென்ட் போன் பண்ணுவாரு. சரியா இல்லையான்னு சொல்லணும். அவரு கேட்ட முதல் கேள்வியே, எங்க விட்டாலும் ஆடுவீங்கல்ல?"

"என்ன சொன்னீங்க?"

"ஆடுவேன்னேன். வாய் தானா சொல்லிருச்சு."

"போகணும்னு இருக்கா?"

"போகணும்னும் இல்ல, இருக்கணும்னும் இல்ல. அதுதான் மேடம் பிடுங்குது. இந்த டீம்ல எனக்குன்னு ஒரு இடம் இருக்குன்னா சொல்லுங்க, அவங்களை வேண்டாம்னு சொல்லிர்றேன். இல்லேன்னாலும் சொல்லிருங்க, கிளம்பிர்றேன்."

பூங்கோதை விசிலை ஊதினார். ஓடிக்கொண்டிருந்தவர்களில் நான்கு பேரைக் கூப்பிட்டு, இஷ்டப்பட்ட இடத்தில் நிற்கச் சொன்னார். திரவியத்தைத் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார்.

"அண்ணே, யாரு எங்க நிக்கிறாங்க?"

திரவியம் யோசிக்கவே இல்லை. அவன் தொழிலாயிற்றே. ஒருவன் ரிங்குக்கு அடியில் என்றான். ஒருவன் நடுக்கோட்டில், ஒருவன் வலது மூலையில் என்றான். மொய்தீன் இடது மூலையில் என்றான்.

"திரும்பிப் பாருங்க."

ரிங்குக்கு அடியில் யாரும் இல்லை. அந்த நெட்டை ஆள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். மற்ற இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மொய்தீன் நின்றது வலது பக்கம், மூன்று புள்ளிக் கோட்டின் வளைவில்.

மொய்தீன் அங்கேதான் நிற்பான் என்பது ஊருக்கே தெரியும். எட்டு வருடமாக இந்த அணியில் இருப்பவன். அணியில் அவனளவு தூரத்திலிருந்து எறிய ஆள் கிடையாது. ஆனால் வலது வளைவை விட்டு அசைய மாட்டான். அவன் நின்று நின்றே அந்த இடத்தில் தரைப் பெயிண்ட் வெளுத்துப்போயிருந்தது.

"இடது மூலைல நீங்க பார்த்தது யாரைண்ணே?"

திரவியம் கொஞ்ச நேரம் பந்தைத் தட்டினான்.

"பொன்னப்பாவை."

"யாரு அது?"

"பெங்களூர்ல எங்கூட ஆடினவன். குடகுக்காரன். வந்த புதுசுல அவனும் வலது பக்கம்தான் சுத்திட்டிருந்தான். அப்புறம் எப்படியோ அந்த இடது மூலைல போய் ஒட்டிக்கிட்டான். நாலு வருஷம் மேடம். கண்ணை மூடிட்டு விடுவேன், அங்க இருப்பான். அப்படி ஒருத்தன் மறுபடி அமைஞ்சா நான் ஏன் ஊர் ஊராப் போறேன்?"

"சரி. நாளைக்கு வாங்க."

"என் கேள்விக்குப் பதில்?"

பூங்கோதை அதற்குள் நெட்டை ஆளிடம் ஷூ கயிற்றைப் பற்றித் திட்டப் போய்விட்டார்.

திரவியத்துக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் வேலை செய்கிற ஆள் அவன். ஏழு அணிகளில் காலம் தள்ளியவனுக்கு மனப்பாடம் ஒரு பெரிய விஷயமா? யார் எந்தப் பக்கம் சாய்வான், யார் எங்கே போய் மூச்சு வாங்குவான், எல்லாவற்றையும் அன்றே குறித்துக்கொள்ள ஆரம்பித்தான். தினமும் காலையில் அவனே அந்த நான்கு பேரையும் நிற்கச் சொல்லி, அவனே முதுகைத் திருப்பிக்கொண்டு, யார் எங்கே என்று சொல்லிப் பார்த்தான். திங்கட்கிழமை ஒன்று சரியாக வந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு.

அவன் ஆறு மணிக்கு வரும்போதெல்லாம் மொய்தீன் அவனுக்கு முன்பே வந்திருந்தான். இடது மூலையில் குனிந்து பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பான். சட்டை நனைந்திருக்கும். "வாங்கண்ணே" என்பான். திரவியம் தலையை ஆட்டிவிட்டு நேராகப் பூங்கோதையிடம் போவான்.

புதன்கிழமை பயிற்சி முடிந்ததும் பூங்கோதை அவனை எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப் போனார்.

"மேடம், இன்னும் பதில் சொல்லல."

"டீ குடிங்கண்ணே."

"வீட்லயும் இதே கேள்விதான். எஸ்தர் நேத்துப் போன் பண்ணா. பிள்ளையை ஒண்ணாங் கிளாஸ் சேக்கணும், ஏதாவது ஒரு ஊரைச் சொல்லுங்கன்னா. மும்பையா இருந்தாலும் இருக்கலாம்னேன். உங்களுக்கு எங்க விட்டாலும் ஆட வரும், பிள்ளைக்கு அப்படி வராதுல்லான்னு சொல்லிட்டு வச்சுட்டா."

கடைக்காரர் இரண்டு கிளாஸைக் கொண்டுவந்து வைத்தார். பூங்கோதையுடையது சாதா. திரவியத்துடையது ஸ்ட்ராங்காக, சர்க்கரை இல்லாமல், பெரிய கிளாஸில்.

"என்ன அண்ணாச்சி, எப்படிப் போடணும்னு இவர்கிட்ட கேட்கவே இல்ல?" என்றார் பூங்கோதை.

"மூணு மாசமா வர்றாருல்ல. எதுக்குக் கேட்கணும்?"

பூங்கோதை திரவியத்தைப் பார்த்தார். திரவியம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

வியாழக்கிழமை நான்கும் சரியாக வந்தது. ரிங்குக்கு அடியில், நடுவில், வலது மூலையில், மொய்தீன் வலது வளைவில். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"சரியா மேடம்?"

"சரிதான்."

"இப்பவாவது சொல்லுங்க."

"நீங்க இன்னும் முதுகைக் காட்டிட்டுத்தான் நிக்கிறீங்கண்ணே."

"நீங்கதானே திருப்பி நிறுத்துனீங்க?"

"ஞாயித்துக்கிழமை நிறுத்தினேன். இன்னிக்கு நான் நிறுத்தலையே."

திரவியம் திரும்பி நின்றான். முகம் சிவந்திருந்தது. இந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டேனே என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு காலத்தில் மாநில முகாமில் சின்னப் பிள்ளையாகப் பார்த்தவள் இன்று தனக்குப் புதிர் போடுகிறாளே என்றும் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்தது. தகரக் கொட்டகை மேலெல்லாம் ஆள் ஏறியிருந்தார்கள். மலையடிவார அணி முதல் பாதியில் முன்னால் இருந்தது, மூன்றாம் பகுதியில் பின்னால் போனது, மறுபடி எட்டிப் பிடித்தது. கடைசியில், யாரோ வேண்டுமென்றே வைத்தது மாதிரி, அதே கணக்கில் வந்து நின்றது. ஆறு நொடி. ஒரு புள்ளி குறைவு. பந்து இவர்களுடையது.

பூங்கோதை டைம் அவுட் கேட்டார். ஐந்து பேரும் வந்து சூழ்ந்து நின்றார்கள்.

"அண்ணன் உள்ள போவாரு. மூணு பேராவது அவர் மேல வருவாங்க. நீங்க ஆளில்லாத இடமாப் பார்த்து நில்லுங்க. அவர் பார்த்துப் போடுவாரு."

மொய்தீன் திரவியத்தைப் பார்த்துத் தலையசைத்தான். திரவியமும் தலையசைத்தான். இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்தது. அதுதான் கொடுமை.

திரவியம் உள்ளே புகுந்தான். ஒருவனைத் தாண்டினான். இன்னொருவனைத் தாண்டினான். மூன்று பேர் வந்தார்கள். ஆறு நாள் படித்த பாடம் கையிலேயே இருந்தது. திரும்பிப் பார்க்காமல், வலது வளைவுக்கு, பெயிண்ட் வெளுத்த அந்த இடத்துக்குப் பந்தை விட்டான்.

பந்து அந்த வெளுத்த இடத்தில் ஒரு தடவை குதித்து, கூட்டத்துக்குள் போனது.

இடது மூலையில் மொய்தீன் தனியாக நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையையும் மார்புக்கு நேரே விரித்து வைத்திருந்தான். அவனைக் காவல் காக்க ஆறடிக்குள் ஒருவரும் இல்லை. மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் கை அப்படியே இருந்தது.

சீசன் முடிந்தது.

கொட்டகைக்குள் ஆளாளுக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். திரவியம் மொய்தீன் பக்கம் திரும்பினான்.

"நீ ஏன்டா அங்க போன?"

"நீங்க அங்கதானண்ணே போடுவீங்க."

"உன் இடம் வலது பக்கம்லடா? வாரம் பூரா அங்கதான நின்ன?"

"பயிற்சியில நின்னேன். ஆனா போன ஆட்டத்துல நீங்க போட்ட பந்துக்கு நான் அங்க இல்லியேண்ணே. அதுனாலதான தோத்தோம்." மொய்தீன் குனிந்து ஷூவைக் கழற்றினான். "ஒரு வாரமா அஞ்சு மணிக்கே வந்து அந்த மூலையிலிருந்து எறிஞ்சு பழகினேன். முதல்ல பத்துக்கு ரெண்டுதான் விழுந்துச்சு. அந்த இருட்டுல ரிங்கே சரியாத் தெரியாது. இப்ப பத்துக்கு ஆறு விழுது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லணுமாண்ணே? தினமும் நீங்க வரும்போது அங்கதான இருந்தேன்."

திரவியம் பையை எடுத்தான். கொட்டகையை விட்டு வெளியே போய்விட்டான்.

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்குப் பையோடு மைதானத்துக்கு வந்தான். கொட்டகையில் பூங்கோதை உட்கார்ந்து பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். சீசன் முடிந்த பிறகு யாருக்காக அடிக்கிறார் என்று தெரியவில்லை. மைதானத்தில் மொய்தீன் மட்டும் இருந்தான். இடது மூலையில் நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எறிந்துகொண்டிருந்தான்.

திரவியம் பையை வைத்தான். போனைப் பலகை மேல் வைத்தான். ஒரு பந்தை எடுத்துத் தட்ட ஆரம்பித்தான்.

"இவன் காலைல வந்து பழகினது உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"கேட்டைத் திறந்துவிட்டதே நான்தான்."

"ஏன் சொல்லல?"

"நீங்க பார்ப்பீங்கன்னு நெனச்சேன்." பூங்கோதை பம்பை நிறுத்தினார். "வெள்ளிக்கிழமையாவது சொல்லியிருக்கணும். பிடிவாதமா இருந்துட்டேன். என் தப்புதான் அது. பதினோரு பேரோட சீசன் போச்சு."

அவர் குரல் கம்மியிருந்தது. இரவெல்லாம் அழுதிருப்பார் போல. திரவியத்துக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"பத்து மணிக்குப் போன் வரும்," என்றான்.

"ம்."

"நான் கேட்டது அப்படியே இருக்கு மேடம். என் இடம் எது?"

பூங்கோதை மறுபடி பம்பை அழுத்தினார்.

"போன வாரம் ஏன் இடது மூலைக்கு விட்டீங்கண்ணே?"

"அன்னிக்கே சொன்னேனே. அது பொன்னப்பாவோட இடம். நாலு வருஷப் பழக்கம், கை போயிருது."

"பொன்னப்பா உங்க டீமுக்கு வந்தப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்தஞ்சு."

"உங்க பத்தொம்பது வயசுல திருச்சியில மாநில முகாம் நடந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நீங்க ரெட்டைச் சடை போட்டுட்டு வருவீங்க."

"பொண்ணுங்களுக்கும் முகாம் அங்கதான். சாயங்காலம் நீங்கள்லாம் ஆடும்போது, வெளிய போற பந்தை எடுத்துப்போட எங்களை ஆளுக்கொரு பக்கம் நிறுத்துவாங்க. எனக்கு இடது மூலை. பின்னாடி வேலி கிடையாது, நேரா வாய்க்கால். நீங்க உள்ள புகுந்தாலே பந்து என் பக்கம்தான் வரும்னு பாவாடையைத் தூக்கிச் சொருகிக்குவேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த வாய்க்கால்ல இறங்கினேன் தெரியுமா?"

திரவியம் சிரிக்கப் போனான். சிரிப்பு வரவில்லை.

"பொன்னப்பா வர்றதுக்கு ஆறு வருஷம் முன்னாடி," என்றார் பூங்கோதை. "அப்போ கோட்டுக்குள்ள அந்த மூலைல யாருண்ணே நின்னா?"

கைக்கடியில் தட்டிக்கொண்டிருந்த பந்து நின்றது.

பலகை மேல் போன் அடித்தது. வெகு நேரம் அடித்து ஓய்ந்தது. திரவியம் மொய்தீன் நின்ற இடது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.